தோட்டக் காரியாலயமா, டவுன் கம்பெனியா, பிரதேச செயலகமா?

ஏ.எல். (உயர்தரம்) முடித்துவிட்டு இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் கிளாக்கர் வேலை தேடும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இந்த மூன்று வழிதான். எது நல்லது என்பதைச் சம்பளத்தை விட உங்கள் எழுத்துச் சிங்களம் தீர்மானிக்கும்.

தேயிலைத் தோட்டக் காரியாலயத்தில் மாதம் முழுக்க செக்ரோல்தான், அதாவது தொழிலாளர் வேலை, சம்பளப் பதிவேடு. மலையிலிருந்து வரும் கொழுந்துக் கிலோவும் முழுப்பேர், அரைப்பேர் (முழுநாள், அரைநாள் வேலை) விவரமும் அன்றன்றே ஏற வேண்டும். 10ஆம் திகதி சம்பளம். ஒரே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இரண்டு லெட்சுமி இருந்து, செக்ரோல் இலக்கத்தைப் பார்க்காமல் பெயரைப் பார்த்து எழுதினால், ஒருவர் கொழுந்து மற்றவர் கணக்கில் விழும். சம்பளத்தன்று காரியாலய வாசலில் சத்தம்தான். அதைவிட மோசமானது, சேமலாப நிதியில் (ஈ.பி.எஃப்.) ஒரு பெயரும் அடையாள அட்டையில் இன்னொரு பெயரும் இருப்பது. பிழை முப்பது வருடம் தூங்கும். அந்த அம்மா பென்சன் வயதில் தொழில் அலுவலகத்துக்கு அலையும்போதுதான் விழிக்கும். புதிதாகப் பேர் பதியும் அன்றே அடையாள அட்டையை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

குவாட்டர்ஸ் கிடைப்பது பெரிய ஆறுதல், சிக்கலும் அதுவே. வேலை போனால் வீடும் போகும். சொந்த வீட்டைப் பற்றி நினைக்காமலே வயதானவர்கள் நிறையப் பேர். செக்ரோல் கணினிக்குப் போனதால் ஆள் தேவையும் குறைகிறது.

டவுன் லீசிங், அடகுக் கம்பெனிகளில் சீக்கிரம் சேரலாம். 'ஒபிஸ் வேலை' என்று எடுத்துவிட்டு, மோட்டார் சைக்கிளில் தவணை வசூலிக்க அனுப்புவதும் நடக்கும். நியமனக் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். கைக்கு 50,000 என்பார்கள், அடிப்படை 35,000ஆக இருக்கும். முதலாளி 12, நீங்கள் 8 வீதம் கட்டும் சேமலாப நிதியை அடிப்படைக்கு மட்டும் கணக்கிட்டால் மாதம் 7,000தான் சேரும், 10,000 அல்ல. ஐந்து வருடம் முடியுமுன் விலகினால் பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) கிடையாது.

பிரதேச செயலகத்தில் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் (அரச கிளாக்கர்) வேலைதான் என் கணக்கில் முதலிடம்: ஓய்வூதியம், இடமாற்றம், பதவி உயர்வுப் பரீட்சை எல்லாம் உண்டு. ஆனால் ஆள் சேர்க்கும் பரீட்சை வருடாவருடம் வராது, வயதெல்லையோ காத்திருக்காது. வெள்ளிக்கிழமை அரச வர்த்தமானியைத் தவறாமல் பாருங்கள். விண்ணப்பத்தில் குறித்த மொழிமூலத்தைப் பிறகு மாற்ற விடமாட்டார்கள். 2007இலிருந்து சேர்கிறவர்கள் இரண்டாம் மொழித் தேர்ச்சியும் காட்ட வேண்டும். நம் பிள்ளைகள் பஸ்ஸிலும் கடையிலும் பேசும் சிங்களம் அருமைதான். கோப்பில் நான்கு வரி குறிப்பு எழுதச் சொன்னால் பேனா நிற்கும். நுவரெலியா மாவட்டச் செயலகங்களில் தமிழில் கடிதம் எழுதத் தெரிந்தவர் தேவை, ஆனால் உள்ளே கோப்பு நகர்வது பெரும்பாலும் சிங்களத்தில்.

தோட்டத்தில் சேர்ந்து சம்பளம் வாங்கிக்கொண்டே இந்த அரச பரீட்சைக்குப் படிப்பது நடைமுறைக்கு ஒத்த வழி. மாலையில் அரை மணி நேரம் விஜேசேகர விசைப்பலகையில் சிங்களம் தட்டிப் பழகினால், ஆறு மாதத்தில் கை தானாகப் போகும்.