டனல் நிற்கிறது, பாக்கெட் போகவில்லை: ஓப்பன்விபிஎன்னா, வயர்கார்டா?

விபிஎன் (இணையத்தின் வழியே நெட்வொர்க்குகளை இணைக்கும் பாதுகாப்பான டனல்) கனெக்ட் ஆகிவிட்டது. சர்வரின் 10.8.0.1-க்குப் பிங் போகிறது. ஆனால் கிளை அலுவலகத்தின் 192.168.20.0/24 நெட்வொர்க்கில் ஒரு கணினிகூட எட்டவில்லை. விபிஎன் அமைக்கும் மென்பொருள்களான ஓப்பன்விபிஎன், வயர்கார்டு இரண்டையும் வேகத்தை வைத்து ஒப்பிட்டு நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு முக்கியம், இப்படி மாட்டிக்கொள்ளும்போது எது வாய் திறந்து காரணம் சொல்கிறது என்பதுதான்.

ஓப்பன்விபிஎன் சொல்லும். அதில் ஒரே நெட்வொர்க்கை இரண்டு இடத்தில் எழுத வேண்டும். சர்வர் கான்ஃபிக்கில் வரும் 'ரூட்', பாக்கெட்டை 'டன்' என்ற விபிஎன்னின் மெய்நிகர் இன்டர்ஃபேஸுக்கு அனுப்பும்படி கெர்னலிடம் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சொல்கிறது. அங்கிருந்து எந்தக் கிளையன்டுக்குப் போக வேண்டும் என்பதை அந்தக் கிளையன்டுக்கென்று சர்வரில் தனியாக வைக்கும் சிசிடி கோப்பில் உள்ள 'ஐரூட்' தீர்மானிக்கிறது. பலரும் விட்டுவிடுவது இரண்டாவதைத்தான். விட்டால், கிளையிலிருந்து வரும் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு 'பேட் சோர்ஸ் அட்ரஸ் ஃப்ரம் கிளையன்ட்' என்று லாகில் எழுதிவைக்கும் (லாக் விவர அளவான 'வெர்ப்' போதிய அளவு கூட்டியிருந்தால்). ஐரூட் எழுதியும் அதே வரி வந்தால், சிசிடி கோப்பின் பெயர் கிளையன்ட் சான்றிதழில் உள்ள பெயரான காமன் நேமோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 கெர்னலுக்குள் வந்த வயர்கார்டில் இந்த இரட்டை வேலை இல்லை. 'அலவ்டு ஐபிஸ்' என்ற ஒரே வரி, போகும் பாக்கெட் எந்தப் பியருக்கு (டனலின் மறுமுனையில் உள்ள கணினி) என்பதையும், அந்தப் பியரிடமிருந்து எந்த முகவரியை ஏற்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. அழகான ஏற்பாடு. ஆனால் இரண்டு பியர்களுக்கு அதே 192.168.20.0/24-ஐ எழுதிவிட்டால், கடைசியாகச் சேர்ந்தவருக்கே அது சொந்தம். முதலாமவர் சத்தமில்லாமல் இழந்துவிடுவார். ஹேண்ட்ஷேக் (இரு முனைகளும் சாவியைச் சரிபார்த்து இணைவது) நன்றாகவே நடக்கும், லாகிலும் ஒன்றும் இருக்காது. 'டபிள்யூஜி ஷோ' கட்டளை கொடுத்து, யாரிடம் எந்த முகவரி இருக்கிறது என்று நாமேதான் பார்க்க வேண்டும். சர்வரிலிருந்து பிங் செய்யும்போது 'ரிக்வயர்டு கீ நாட் அவைலபிள்' என்று வந்தால், அந்த முகவரி எந்தப் பியரிடமும் இல்லை என்று அர்த்தம்.

ஐபி ஃபார்வர்டிங் (ஒரு நெட்வொர்க்கின் பாக்கெட்டை இன்னொன்றுக்குக் கடத்தும் வசதி) அணைந்திருப்பதும், எதிர்முனையில் திரும்பி வரும் ரூட் இல்லாததும் இரண்டுக்கும் பொதுவான காரணங்கள். பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை ஓட்டினால் தெரிந்துவிடும்.

அனுமதி விஷயத்தில்தான் ஆபத்தான தவறு நடக்கிறது. பயனரிடம் தரும் வயர்கார்டு கோப்பில் அலவ்டு ஐபிஸைச் சுருக்கிவிட்டு, "இவரால் அக்கவுன்ட்ஸ் சர்வரைத் தொட முடியாது" என்று நம்புகிறார்கள். கோப்பு அவர் கையில் இருக்கிறது, அவரே மாற்றிக்கொள்ளலாம். ஓப்பன்விபிஎன் சர்வர் கிளையன்டுக்குப் புஷ் செய்யும் (தானே அனுப்பிவைக்கும்) ரூட்டும் அப்படித்தான். இன்னொரு ரூட்டைக் கிளையன்டிலேயே சேர்த்துக்கொள்ள முடியும். இரண்டிலும் பூட்டு இருக்க வேண்டிய இடம் சர்வரின் ஃபயர்வால். ஒவ்வொருவருக்கும் நிலையான முகவரி கொடுத்து, ஃபயர்வாலில் கடந்துபோகும் பாக்கெட்டுகளுக்கான ஃபார்வர்டு செயினில் விதி எழுதுங்கள்.

இரண்டு அலுவலகங்களை இணைக்க நான் வயர்கார்டையே போடுவேன். வீட்டிலிருந்து வேலை செய்யும் முப்பது பேர் என்றால் ஓப்பன்விபிஎன்தான். புது நெட்வொர்க் சேரும்போது சர்வரில் ஒரு புஷ் வரி போதும், மறுபடி கனெக்ட் ஆகும்போது எல்லோருக்கும் போய்விடும். வயர்கார்டில் முப்பது கோப்புகளையும் திருத்த வேண்டியிருக்கும்.