லொக் வயரா, கொட்டர் பின்னா, செல்ஃப் லொக் நட்டா: பிளேன்ல எது எங்க?

அண்ணாட மகன் இப்ப ஏர்கிராஃப்ட் மெயின்டனன்ஸ் படிக்கிறான், வெள்ளவத்தையில 100ஆம் நம்பர் பஸ் பிடிச்சு ஒவ்வொரு நாளும் ரத்மலானைக்குப் போய் வாறான். போன கிழமை விரல் முழுக்கக் கீறலோட வந்து நிண்டு, "சித்தப்பா, தானாவே பூட்டுற நட் இருக்கேக்க ஏன் இந்த வயரை முறுக்கி முறுக்கி மினக்கெடுறம்? அதுக்குள்ள கொட்டர் பின் எண்டு இன்னொண்டு வேற, மூண்டும் ஒரே வேலையைத்தானே செய்யுது" எண்டு கேட்டான். நானும் படிக்கேக்க இதே கேள்வியோடதான் இருந்தனான், ஆனா அப்ப கேக்கப் பயம். மூண்டும் ஒரே வேலை இல்லை, அதைத்தான் அவனுக்குச் சொன்னன், இதைப் படிக்கிற மற்ற பிள்ளைகளுக்கும் உதவும் எண்டு எழுதுறன்.

முதல்ல நட் ஏன் கழருது எண்டு விளங்கவேணும். கனபேர் நினைக்கிறது மேலயும் கீழயும் ஆட்டினா கழரும் எண்டு. உண்மையில மோசமானது பக்கவாட்டு ஆட்டம்தான், ரெண்டு தகடும் ஒண்டோட ஒண்டு கொஞ்சம் கொஞ்சமா வழுக்கேக்க நூலுக்குள்ள (போல்ட்டிலயும் நட்டிலயும் இருக்கிற மரை) இருக்கிற உராய்வு அந்த நேரத்துக்கு இல்லாமப் போகும், நட் மெல்ல மெல்லத் திரும்பும். ஜேர்மன்காரர் யுங்கர் 1969ல இதை மெஷின் வச்சே காட்டினவர். அப்ப பூட்டுறது எண்டா ரெண்டு வழி இருக்கு: ஒண்டு உராய்வைக் கூட்டிப் பிடிக்கிறது, மற்றது நட் திரும்பவே இடம் குடுக்காம ஒரு உலோகத்தால மறிக்கிறது. செல்ஃப் லொக் நட், அதாவது தானே போல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற நட், முதல் வகை. போல்ட் தலை ஓட்டைக்குள்ளால முறுக்கிக் கட்டுற லொக் வயரும், போல்ட் தண்டு ஓட்டைக்குள்ளால போட்டுக் காலை மடிக்கிற கொட்டர் பின்னும் ரெண்டாவது வகை.

இந்த ரெண்டு வகைக்கும் நடுவில சட்டமே ஒரு கோடு போட்டிருக்கு. அமெரிக்காட விமானப் போக்குவரத்து அதிகாரசபை எஃப்ஏஏட விதி 25.607ல தெளிவா இருக்கு: பறக்கேக்க சுழலுற போல்ட்ல செல்ஃப் லொக் நட்டை மட்டும் நம்பிப் போடக் கூடாது, உராய்வு இல்லாத இன்னொரு பூட்டும் சேர்ந்து இருக்கவேணும். கொன்ட்ரோல் ரொட், பெல் கிராங்க், புல்லி எண்டு அசையுற மூட்டு எல்லாம் இதுக்குள்ளதான் வரும். ஏனெண்டா போல்ட் திரும்பத் திரும்ப நட்டும் சேர்ந்து திரும்பப் பாக்கும், உராய்வு எத்தனை ஆயிரம் தரம் தாங்கும்? கார் ஸ்டியரிங்ல டை ரொட் முனையைக் கழட்டிப் பாத்தவனுக்கு இது விளங்கும், அங்கயும் காசல் நட்டும் (மேல வெட்டு வெட்டா இருக்கிற நட்) கொட்டர் பின்னும்தான் இருக்கும், வாகனச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தையில எந்தக் கடைக்குப் போனாலும் அந்தப் பின் பெட்டி பெட்டியாத் தொங்கும். (அதுக்காக அந்தப் பின்னை வாங்கி பிளேன்ல போடலாம் எண்டு அர்த்தமில்லை. பிளேனுக்குப் போற ஒவ்வொரு பின்னுக்கும் எங்க செய்தது, எந்தத் தரம் எண்டு பேப்பர் இருக்கவேணும்.)

காசல் நட்டும் கொட்டர் பின்னும் இல்லாமப் போனா என்ன நடக்கும் எண்டதுக்கு எமரி வேர்ல்ட்வைட் 17 எண்ட பறப்பு போதும். 2000 பெப்ரவரி 16, கலிஃபோர்னியா, டிசி-8 சரக்கு பிளேன். மூக்கை ஏத்தி இறக்கிற வால் பலகையான வலது எலிவேட்டர்ட கொன்ட்ரோல் டேபை (எலிவேட்டரை அசைக்கிற சின்னத் தட்டு) பிடிச்சிருந்த போல்ட் கழண்டு போச்சு, மூக்கு மேல போனதை இறக்க ஏலாம விழுந்து மூண்டு பேரும் செத்தவை. அந்த போல்ட்டைச் சரியாப் பூட்டாததும் சரியா இன்ஸ்பெக்ட் பண்ணாததும்தான் காரணம் எண்டு அமெரிக்காட விபத்து விசாரணை அமைப்பு என்டிஎஸ்பி சொன்னது. ஒரு சின்னப் பின். இதைச் சொல்லேக்க அண்ணாட மகன் ஒண்டும் கதைக்கேல்லை.

கொட்டர் பின்ல என்ர கணிப்பில உள்ள பெரிய நல்லது, இருக்கோ இல்லையோ எண்டு கண்ணுக்குத் தெரியும். கெட்டது, போல்ட் ஓட்டை நட்டில இருக்கிற வெட்டோட நேரா வரவேணும். இங்கதான் படிக்கிற பிள்ளைகள் பிழை விடுறது. கால் இஞ்ச் போல்ட்ல ஏஎன் 310 நட் (ஏஎன் எண்டது அமெரிக்கத் தர நம்பர், 310 காசல் நட்) எண்டா பொதுவான டோர்க், அதாவது இறுக்குற முறுக்கு விசை, 50ல இருந்து 70 இஞ்ச் பவுண்ட், 50ல தொடங்கிப் பாக்கவேணும், ஓட்டை நேரா வரேல்லையா, கொஞ்சம் கொஞ்சமா 70 வரைக்கும் இறுக்கலாம், அதுக்கும் வரேல்லையா, கழட்டி வேற தடிப்பு வொஷர் போடுறது. நேராக்கிறதுக்காக நட்டைத் தளர்த்தவே கூடாது. 70ஐத் தாண்டியும் போகக் கூடாது. தளர்த்தின நட்டுக்குப் பின் போட்டா பின் நட்டைப் பிடிக்கும், ஆனா மூட்டு லூஸ், அது வெளியால பாத்தா வடிவாத்தான் இருக்கும். பின்னட ஒரு காலை போல்ட் முனைக்கு மேலால மடிச்சு மற்றதை நட் பக்கம் கீழ மடிக்கிறதுதான் வழமையான முறை, மேல் கால் போல்ட்ட அகலத்தைத் தாண்டி நீட்டக் கூடாது. பழைய பின்னைத் திருப்பி நிமித்திப் போடுறதுக்கு இடமே இல்லை, ஒருக்கா மடிச்ச இடத்தில அது ஏற்கெனவே பாதி உடைஞ்சது மாதிரி. இன்னொண்டு, ஏஎன் போல்ட் நம்பர் கடைசியில ஏ எண்டு இருந்தா தண்டில ஓட்டை இல்லை, அதை எடுத்துக்கொண்டு பின்னுக்கு அலையக் கூடாது.

லொக் வயர்தான் எனக்கு மனசுக்கு கிட்டின வேலை, கொஞ்சம் கூடவே சொல்லுறன். போல்ட் தலையில ஓட்டை, மற்றப் பக்கம் நட் போட ஏலாத இடம், போல்ட் நேரா என்ஜின் கேசிங்குக்குள்ளயோ கியர் பொக்ஸுக்குள்ளயோ இறங்குது, அங்க பின்னுக்கு வழியே இல்லை, வயர்தான் ராசா. 0.032 இஞ்ச் வயர் எண்டா ஒரு இஞ்சுக்கு 6ல இருந்து 8 முறுக்கு. குறையா முறுக்கினா ஆடி ஆடித் தேயும், கூட முறுக்கினா வயர் இறுகிக் களைச்சு உடையும். ஒரு போல்ட் கழரப் பாத்தா வயர் மற்ற போல்ட்டை இறுக்குற பக்கம் இழுக்கவேணும், அதுதான் முழு விஷயமும். நான் பயிற்சியில இருக்கேக்க ஒரு ஃபில்டர் கவர்ல மூண்டு போல்ட்டையும் கண்ணாடி மாதிரி ஒரே சீரா முறுக்கி, வாலையும் மடிச்சு, சந்தோஷமா நிண்டனான். இன்ஸ்பெக்டர் வந்து விரலால ஒரு போல்ட்டைத் தொட்டு "இது எந்தப் பக்கம் இழுக்குது?" எண்டு மட்டும் கேட்டார். கழருற பக்கம். நடு போல்ட்டில வயர் தலையைச் சுத்தின பக்கம் பிழை. முழுக்க வெட்டி எறிஞ்சு திருப்பிக் கட்டினன், அண்டைக்கு இரவு நித்திரை வரேல்லை, ஏனெண்டா அது பறக்கப் போற பிளேன்.

தூரம் தூரமா இருக்கிற போல்ட் எண்டா ஒரு வயர்ல மூண்டுக்கு மேல கோர்க்கிறதில்லை, வயர் நீளமும் 24 இஞ்சைத் தாண்டுறதில்லை. கடைசி வால் கால் இஞ்சில இருந்து அரை இஞ்ச், உள்ளுக்கு மடிக்கவேணும், இல்லாட்டி அடுத்து கை வைக்கிறவன்ட விரல் கிழியும். வெட்டின துண்டைக் கையால பிடிச்சு எடுத்து எண்ணி வைக்கவேணும், என்ஜினுக்குள்ள விழுந்த அரை இஞ்ச் வயரால வாற செலவைக் கேட்டா தலை சுத்தும். எமர்ஜென்சி கைபிடிகளுக்குக் கட்டுற மெல்லிய செம்பு வயர் வேற கதை, அது அவசரத்தில இழுத்தா உடையவெண்டே போடுறது, அங்க ஸ்டீல் வயர் போட்டா ஆபத்து நேரத்தில கைபிடி வராது.

ஆனா வயரைப் பற்றி ஒரு பெரிய பிழையான நம்பிக்கை இருக்கு. வயர் டோர்க்கைப் பிடிச்சு வைக்காது. போல்ட் கொஞ்சம் தளர்ந்தாலும் அது விழாமப் பாத்துக்கொள்ளும், அவ்வளவுதான். லூஸா இருக்கிற போல்ட்டை வயரால இழுத்து இறுக்கலாம் எண்டு நினைக்கிறவையை நான் கண்டிருக்கிறன், முதல் டோர்க், பிறகுதான் வயர்.

இனி செல்ஃப் லொக் நட். வேகம், லேசு, ஒரு ஸ்பனர் காணும். பேனல், பிரெக்கட், அசையாத ஸ்ட்ரக்சர் எண்டா இதைவிட நல்லது இல்லை, அதில வயர் கட்டிக்கொண்டு நிண்டா ஹேங்கர்ல விடிஞ்சிடும். ஆனா அதுட பலவீனம் உள்ளுக்கு ஒளிஞ்சிருக்கு. நைலோன் வளையம் உள்ள ஏஎன் 365 மாதிரி நட்டுக்கு 121 டிகிரி செல்சியஸ்தான் எல்லை, என்ஜின் பக்கத்தில சூடான இடத்தில போட்டா நைலோன் இளகிப் போகும், வெளியால பாத்தா அதே நட்தான். சூட்டுக்கு முழு உலோக நட் போடவேணும். திருப்பிப் பாவிக்கலாமா எண்டா, பாவிக்கலாம், ஆனா கையால சுத்தினாப் போகுதெண்டா குப்பைக்குத்தான். இன்னும் சரியாச் சொன்னா ஒரு இஞ்சுக்கு 28 நூல் உள்ள கால் இஞ்ச் நட்டுக்குக் குறைஞ்சது 3.5 இஞ்ச் பவுண்ட் இழுவை (சுத்தேக்க நட் காட்டுற எதிர்ப்பு) இருக்கவேணும், இதை டோர்க் ரெஞ்சால அளந்து பாக்கலாம். அந்த இழுவையை டோர்க்கோட கூட்டவும் வேணும்: இழுவை 10, தேவையானது 60 எண்டா ரெஞ்சை 70ல வைக்கவேணும், இல்லாட்டி போல்ட்டுக்கு உண்மையில கிடைச்சது 50தான். போல்ட் முனை நட்டுக்கு வெளியால வந்திருக்கோ எண்டும் பாக்கவேணும், நைலோனைத் தாண்டாத போல்ட் பூட்டுப்படவே இல்லை.

நான் மூண்டையும் தராசில வச்சா, என்ர அளவுகோல் ஒண்டுதான்: ரெண்டு மாதம் கழிச்சு டோர்ச் லைட்டோட வாற இன்னொருத்தன் தொடாமப் பாத்தே பூட்டு சரியோ பிழையோ எண்டு சொல்ல ஏலுமா? கொட்டர் பின்னுக்கு ஏலும், வயருக்கு பக்கத்தையும் பாக்கலாம், செல்ஃப் லொக் நட்டுக்கு ஏலாது. கழண்டா பிளேன் விழுந்திடும் எண்ட இடங்களில விதி ரெண்டு பூட்டுக் கேக்குது. கடலுக்குக் கிட்ட நிக்கிற எங்கட பிளேன்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கு, கட்மியம் பூசின கார்பன் ஸ்டீல் பின்னைவிட ஸ்டெய்ன்லெஸ் பின் உப்புக் காத்தைத் தாங்கும், ஆனா மனுவல் என்ன பார்ட் நம்பர் சொல்லுதோ அதுதான், மாத்திப் போடுற உரிமை எங்களுக்கு இல்லை.

பூட்டு மட்டும் சரியா இருந்தாலும் காணாது எண்டதையும் அவனுக்குச் சொன்னன். 2007 ஓகஸ்ட் 20, ஒகினாவா நாஹாவில சைனா ஏர்லைன்ஸ் 120, போயிங் 737-800. இறக்கை முன் விளிம்பில வெளிய வந்து உள்ள போற ஸ்லேட்ட தண்டவாளத்தில ஒரு வொஷர் இல்லாமப் போச்சு, அது இல்லாட்டி நட் போல்ட் போற ஓட்டைக்குள்ளாலயே வந்துடுற அளவு. நட் போல்ட்டோடதான் இருந்தது, ஆனா முழுத் தொகுதியும் கழண்டு விழுந்து, ஸ்லேட் உள்ளுக்குப் போகேக்க அந்த போல்ட் எரிபொருள் டாங்கைக் குத்தினது. தரிப்பிடத்துக்கு வந்தாப் பிறகு நெருப்பு, 165 பேரும் தப்பினது பெரிய புண்ணியம், பிளேன் எரிஞ்சு போச்சு. வொஷரை எண்ணுறதும் பூட்டுறதுட ஒரு பகுதி.

சனிக்கிழமை பழைய பலகையைக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறன், அதில மூண்டு போல்ட் 0.032 வயர்ல கட்டிக் காட்டவேணும், முறுக்கு அழகைப் பிறகு பாப்பன், முதல்ல நடு போல்ட்டைத் தொட்டு எந்தப் பக்கம் இழுக்குது எண்டு கேப்பன்.