சைக்கிள் இடியாப்பம்: வண்டியை நிறுத்தியதும் எதைப் பார்ப்பது?

சென்னைத் தெருக்களில் காலை ஏழு மணி சுமாருக்கும், பொழுது சாய்ந்த பிறகும், பதிவுசெய்த குரலை ஸ்பீக்கரில் ஓடவிட்டபடி வரும் இடியாப்ப சைக்கிளைப் பற்றிய மதிப்பீடு இது. செயலியில் ஆர்டர் போட்டு வரவழைப்பதைவிட நல்ல சைக்கிள்காரரிடம் வாங்குவது மேல். ஆனால் எல்லாரும் நல்ல சைக்கிள்காரர் இல்லை.

வெந்த அரிசி மாவு ஆற ஆற இறுகும். நூல் நூலாக இருப்பதால் இடியாப்பம் இட்லியைவிடச் சீக்கிரம் காயும். சூட்டோடு டப்பாவில் திணித்து மூடினாலோ, ஆவி நீராகிச் சொட்டி அடியில் இருப்பதைக் களியாக்கிவிடும். ஹோட்டல் பார்சலில் நடப்பது இதுதான். தொழில் தெரிந்தவர் அன்னக்கூடையில் ஈரம் பிழிந்த வெள்ளைத் துணி விரித்து அடுக்கியிருப்பார். துணி ஆவியை இழுத்துக்கொள்ளும், காயவும் விடாது. ஆகவே மூடியைத் திறந்ததும் முதலில் துணியைப் பாருங்கள். பழுப்பேறியோ, பழைய மாவு ஒட்டியோ இருந்தால் பேசாமல் அனுப்பிவிடலாம்.

எடுத்து வைக்கும்போதே பதம் தெரிந்துவிடும். முழுசாக எழும்பி வந்தால் சரி. துண்டு துண்டாக உதிர்ந்தால் மாவைக் கொதிக்காத வெந்நீரில் பிசைந்திருக்கிறார்கள். ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு வந்தால் தண்ணீர் கூடிப்போயிற்று. வறுத்த மாவு ஒரு கப்புக்கு ஒன்றேகால் கப் கொதிநீர் என்பது பொதுக்கணக்கு, மாவைப் பொறுத்து சற்று ஏறி இறங்கும்.

அதிகம் கோட்டை விடுவது தேங்காயில். துருவிய தேங்காய் நம்ம ஊர் வெயிலுக்குச் சில மணி நேரத்தில் புளித்துவிடும். மாலைச் சுற்றில் வாங்கினால் முகர்ந்து பார்க்காமல் வாங்காதீர்கள். சர்க்கரையைத் தேங்காயோடு கலந்து கட்டித் தரவும் விடாதீர்கள்: சர்க்கரை தேங்காயின் நீரை இழுத்து வெளியே விடும், வீடு போய்ச் சேர்வதற்குள் இடியாப்பம் ஊறிவிடும்.

பெரிய குறை, மெல்லிய பிளாஸ்டிக் கவர். தமிழ்நாட்டில் 1.1.2019 முதலே இதற்குத் தடை, ஆனாலும் கைப்பிடியில் கட்டாகத் தொங்குகிறது. அகலமான ஏனம் ஒன்றை நீட்டினால் யாரும் மறுப்பதில்லை. இரண்டு அடுக்குக்கு மேல் வேண்டாம், மூடியைச் சாய்த்து வையுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தவரிடம் 14 இலக்க எண் இருக்கும், கேட்பதில் தப்பில்லை.

இப்போது பலர் மொபெட்டுக்கு மாறிவிட்டார்கள். பெட்ரோலுக்கு ஈடுகட்ட சுற்று நீள்கிறது, கடைசித் தெருவுக்குக் காய்ந்த இடியாப்பம் போய்ச் சேர்கிறது. மிதித்து வருபவர் நாலைந்து தெருவோடு நின்றுவிடுவார், கூடையும் சீக்கிரம் காலியாகும். மழை நாளில் அவரை நம்பிச் சமைக்காமல் இருக்க முடியாது என்பதும் உண்மை: நனைந்த ரிம்மில் பிரேக் பிடிக்காது, பின்னால் பாரம் வேறு. ஸ்பீக்கர் சத்தத்தை மட்டும் பாதியாகக் குறைத்தால் தெருவே புண்ணியம் சொல்லும்.

மிஞ்சியதை இட்லிச் சட்டியில் இரண்டு மூன்று நிமிடம் வைத்தால் மறுபடி மெத்தென்று ஆகும். ஃபிரிட்ஜில் வைத்து விறைத்ததை உதிர்த்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து எலுமிச்சை பிழிந்துவிடலாம். அதற்கு விறைத்த இடியாப்பம்தான் தோது.