பார்க்கிங் லைட்டில் லைன் எடுப்பதா, தனி ரிலே போடுவதா? பிக்கப் ஃபாக் லைட்டுக்கு நான் இரண்டு முறை செய்த ஒயரிங்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட்டும் பீட்ரூட்டும் ஏற்றி இறங்குகிற பிக்கப் என்னுடையது. தூரம் 33 கிலோமீட்டர்தான். ஆனால் விடிவதற்கு முன்பே மண்டியில் நிற்க வேண்டும் என்பதால் பாதி நாட்கள் இருட்டில்தான் இறங்குவேன். மழை மாதங்களில் மேகம் ரோட்டிலேயே உட்கார்ந்திருக்கும். ஹைபீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும், பனித்துளிகள் வெளிச்சத்தை நம் கண்ணுக்கே திருப்பி அனுப்பிவிடும். பம்பரில் தாழ்வாக, அகலமாகப் பரவும் ஃபாக் லைட் இருந்தால்தான் ரோட்டோர வெள்ளைக்கோடும் கொண்டை ஊசி வளைவின் தடுப்புச்சுவரும் கண்ணில் படும். எங்கள் பக்கம் லோடுக்கு ஓடும் பிக்கப்களில் பல ஃபாக் லைட் இல்லாமலே வாங்கியவை. என் வண்டியும் அப்படித்தான்.

லைட் வாங்குவது எளிது. எந்த ஒயரிலிருந்து கரன்ட் எடுப்பது என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து. நான் முதலில் ஒரு வழியில் போட்டு, ஒன்பது மாதத்தில் பிய்த்தெறிந்து, வீட்டு வாசலில் நானே வேறு வழியில் போட்டேன். அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை. தனி ரிலேதான் (சிறு கரன்ட்டைக் கொண்டு பெரிய கரன்ட்டை ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்ச்) என் கட்சி. காரணத்தைச் சொல்கிறேன்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு: கம்பெனியே விற்கும் கிட். கப்ளரோடு கப்ளர் செருகி, ஒரு ஒயரைக்கூட வெட்டாமல் போடலாம். வண்டி வாரன்டியில் இருந்தால் யோசிக்காமல் அதற்கே போங்கள். என் வண்டிக்கு வாரன்டி முடிந்து வெகுகாலம் ஆகிவிட்டது, விலையும் கட்டுப்படியாகவில்லை. மச்சான் வண்டியில் அதைப் பார்த்த அனுபவம் மட்டுமே இருப்பதால் அதைப் பற்றி இதற்கு மேல் பேசவில்லை.

முதல் வழி, பார்க்கிங் லைட் ஒயரிலிருந்து லைன் எடுப்பது. ஊரில் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறார்கள். முன்பக்க பார்க்கிங் லைட்டுக்குப் போகும் ஒயரைச் சீவி, அதில் ஃபாக் லைட் ஒயரைச் சுற்றி, நடுவில் ஒரு சுவிட்ச் வைத்து, டேப் ஒட்டினால் முடிந்தது. அரைமணி நேர வேலை. செலவு குறைவு, பேட்டரிவரை ஒயர் இழுக்க வேண்டாம். பார்க்கிங் லைட் போட்டால்தான் ஃபாக் லைட் எரியும் என்பதால், வண்டியை நிறுத்திவிட்டு அணைக்க மறக்கும் கவலையும் குறைவு. போட்ட அன்று எனக்கும் திருப்தியாகத்தான் இருந்தது.

கணக்கு போட்டுப் பார்த்தால்தான் உறுத்தும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, நம்பர் பிளேட்டுக்கு ஒன்று என்று 5 வாட் பல்புகள், அதோடு மீட்டர் விளக்குகள். எல்லாம் சேர்த்து 25 முதல் 30 வாட், இரண்டு ஆம்பியர் சொச்சம். அதற்கேற்ற மெல்லிய ஒயரும் சிறிய ஃபியூஸும்தான் அங்கே இருக்கும். 55 வாட் ஹாலஜன் ஜோடி ஒன்றைச் சேர்த்தால் இன்னும் 110 வாட், அதாவது ஒன்பது ஆம்பியருக்கு மேல் கூடுகிறது. என் வண்டியில் இருந்த 10 ஆம்பியர் சிவப்பு ஃபியூஸ் இரண்டாம் நாளே போனது. லைன் எடுத்துக் கொடுத்தவர் அதைக் கழற்றிவிட்டு 20 ஆம்பியர் மஞ்சள் ஃபியூஸைச் செருகி, "இனி போகாதுங்க" என்றார். உண்மைதான், போகவில்லை. ஆனால் ஃபியூஸ் காப்பது லைட்டை அல்ல, ஒயரை. பத்து ஆம்பியருக்கென்று போட்ட ஒயர் சூடாகி இளகினாலும் 20 ஆம்பியர் ஃபியூஸ் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். ஸ்டியரிங் பக்கத்து லைட் சுவிட்ச் வழியாகவும் அதே கரன்ட்தான் போகிறது. சில மாதம் கழித்து அந்தக் குமிழைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. அன்றே விழித்திருக்க வேண்டும்.

நவம்பரில் ஒரு விடியற்காலை, லோடோடு இறங்கிக்கொண்டிருந்தேன். நல்ல மூடுபனி. திடீரென்று மீட்டர் விளக்கு அணைந்தது, ஃபாக் லைட்டும் போனது. ஹெட்லைட் வேறு ஃபியூஸில் இருந்ததால் எரிந்தது. சரி, ஃபாக் லைட் மட்டும்தானே என்று மெதுவாக உருட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த வளைவில் பின்னால் வந்த பஸ் பத்தடி தூரத்தில் பிரேக் அடித்து நின்றது. டிரைவர் இறங்கி வந்து, "பின்னாடி ஒரு லைட்டும் இல்லையேப்பா!" என்று கத்தினார். அப்போதுதான் புரிந்தது. பம்பர் தகட்டில் உரசி உரசி ஃபாக் லைட் ஒயர் ஷார்ட் ஆகியிருக்கிறது. அந்த ஒரு ஃபியூஸோடு டெயில் லைட், நம்பர் பிளேட் விளக்கு, மீட்டர் எல்லாமே போயிருக்கின்றன.

ஹசார்டைப் போட்டு ஓரம் கட்டினேன். கூட வந்த பையன் டார்ச்சைப் பின்பக்கம் காட்டிக்கொண்டு நின்றான். புது ஃபியூஸ் போட்டதும் அதுவும் போனது. எங்கே ஷார்ட் என்று இருட்டில் தேட முடியாது. கடைசியில் கட்டிங் பிளையரால் ஃபாக் லைட் ஒயரையே வெட்டிவிட்டு, மூன்றாவது ஃபியூஸைப் போட்ட பிறகுதான் டெயில் லைட் எரிந்தது. நாற்பது நிமிடம் போய்விட்டது.

அதனால்தான் இந்த ஒப்பீட்டில் ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்: ஃபாக் லைட்டில் பழுது வந்தால் அதோடு சேர்ந்து வேறு எது அணையும்? பனியில் நாம் பார்ப்பதைவிட, பின்னால் வருபவர் நம்மைப் பார்ப்பது முக்கியம். நமக்கு ரோடு தெரியாவிட்டால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்னால் வருபவருக்கு நாம் தெரியாவிட்டால் நம் கையில் ஒன்றுமே இல்லை. ஃபாக் லைட் பம்பரில், சேறும் தண்ணீரும் கல்லும் அடிக்கிற இடத்தில் இருக்கிறது. வண்டியில் முதலில் கெடப்போகிற லைட் அதுதான். அதைக் கொண்டுபோய் டெயில் லைட்டோடு கட்டிவைப்பது அபாயம். அதுவும் பனியில் மட்டும் போடுகிற லைட் என்பதால், டெயில் லைட் உயிர்காக்கும் அந்த நேரம் பார்த்துத்தான் பழுதும் வரும்.

இரண்டாவது வழி இந்த முடிச்சை அவிழ்க்கிறது. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், அதில் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் நீல ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயில் 30 என்று எண் போட்ட பின்னுக்கு (முனைக்கு). 87ஆம் பின்னிலிருந்து இரண்டு லைட்டுக்கும். 85ஐ எர்த்தில் கொடுத்து, 86க்கு டேஷ்போர்டு சுவிட்சிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று. ரிலேயின் காயிலுக்கு கால் ஆம்பியருக்கும் குறைவான கரன்ட் போதும் என்பதால் சுவிட்ச் சூடாகாது. ஃபியூஸைத் தள்ளி வைக்காதீர்கள். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையில் ஒயர் ஷார்ட் ஆனால் தடுக்க எதுவுமே இல்லை. வேலை தொடங்கும்முன் பேட்டரி மைனஸைக் கழற்றிவிடுங்கள்.

86க்குப் போகும் லைனை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் நான் அதிகம் குழம்பினேன். நேராக பேட்டரியிலிருந்து எடுத்தால், ஒருநாள் அணைக்க மறந்தாலும் காலையில் வண்டியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். சாவி ஆன் லைனிலிருந்து எடுத்தால் பார்க்கிங் லைட் போடாமலே ஃபாக் லைட் எரியும். முன்னால் வெளிச்சம் இருப்பதால் டெயில் லைட் போட மறந்துபோகும். அதனால் பார்க்கிங் லைனையே எடுத்தேன், ஆனால் ஒயரைச் சீவவில்லை. ஃபியூஸ் பாக்ஸில் பார்க்கிங் ஃபியூஸ் குழியில் செருகும் கிளிப் ஒன்று கிடைக்கிறது. பழைய ஃபியூஸும் அதிலேயே உட்காரும், புது லைனுக்கென்று இரண்டாவது ஃபியூஸும் உட்காரும். நான் 3 ஆம்பியர் போட்டிருக்கிறேன். பார்க்கிங் குழியில் பழையபடி 10 ஆம்பியர் சிவப்பு வந்துவிட்டது. சுவிட்ச் ஒயர் எங்காவது நசுங்கினால் அந்த 3 ஆம்பியர்தான் முதலில் போகும், டெயில் லைட் பிழைக்கும்.

வெளிச்சத்திலும் வித்தியாசம் உண்டு. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட். பழைய ஒயரிங்கில் பல்பு முனையில் மல்டிமீட்டர் 11.6 காட்டியது. ரிலே போட்ட பிறகு 13.3. ஹாலஜன் பல்பில் வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் சுமார் முப்பது சதவீதம் குறையும். ஒன்பது மாதமாக "இந்த லைட்டே மட்டம்" என்று நான் திட்டிக்கொண்டிருந்தது நல்ல பல்புகளை.

ரிலே வழியில் தொல்லையே இல்லை என்று சொல்லமாட்டேன். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. கேபினுக்குள் ஒயரைக் கொண்டுவர, தகட்டு ஓட்டையில் ஏற்கெனவே இருக்கிற ரப்பர் வளையம் (குரோமெட்) வழியாகத்தான் நுழைக்க வேண்டும். தகட்டில் புது ஓட்டை போட்டால் அதன் விளிம்பே ஒயரை அறுத்துவிடும். ஒயரை நெளிகுழாய்க்குள் விட்டு, ரேடியேட்டர் ஃபேனுக்கும் எஞ்சினில் சூடாகும் மேனிஃபோல்டு குழாய்க்கும் எட்டாமல் கட்ட வேண்டும். ரிலேயைப் பின்கள் கீழே பார்க்கும்படி மாட்டினால் தண்ணீர் தேங்காது. எர்த் வைக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிட்டுப் போல்ட் முறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். முதல் மழைக்காலத்தில் நான் அதைச் செய்யாததால் ஒரு பக்க லைட் மங்கியது. அவிழ்த்துப் பார்த்தால் லக் (ஒயர் முனையில் இருக்கும் உலோக வளையம்) முழுக்கப் பச்சை பூத்திருந்தது. அந்த ஒரு எர்த்தைத் தவிர இரண்டு வருடத்தில் வேறு எதையும் தொடவில்லை.

ரெடிமேட் ரிலே ஹார்னெஸ் (ரிலேயோடு கோத்து வரும் ஒயர் தொகுப்பு) வாங்கினால் நேரம் மிச்சம். ஆனால் ஒயர் தடிமனைக் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். மேலுறை மட்டும் தடியாக இருக்கும். முனையைச் சீவி பிளேடால் கம்பியைச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் ஒயர், ரிலே, சாக்கெட், லக் எல்லாம் தனித்தனியாக வாங்கி கிரிம்ப் செய்து (ஒயரோடு அழுத்திப் பொருத்தி), சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டேன். மொத்தம் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

எல்இடி போட்டால் ரிலே எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 20 வாட் ஜோடி மூன்று ஆம்பியர் சொச்சம்தான் இழுக்கும், ஒயரும் சுவிட்சும் தாங்கும், வோல்ட்டேஜ் சற்றுக் குறைந்தாலும் வெளிச்சம் பெரிதாக மாறாது. ஆனால் பம்பரில் ஒயர் உரசினால் எல்இடியாக இருந்தாலும் ஷார்ட் ஷார்ட்தான், டெயில் லைட் அதே ஃபியூஸில் இருந்தால் அதுவும் சேர்ந்துதான் போகும். தம்பி வண்டியில் மஞ்சள் எல்இடி போட்டு ஒரு மழைக்காலம்தான் ஆகிறது. இதுவரை நன்றாக இருக்கிறது, அதை வைத்து நீண்ட நாள் உழைப்பைப் பற்றி உறுதி சொல்லமாட்டேன்.

விற்கும்போது என்ன ஆகும் என்றும் கேட்கிறார்கள். தனி ஹார்னெஸை ஒரு மணி நேரத்தில் கழற்றி அடுத்த வண்டிக்குக் கொண்டுபோகலாம், வண்டியின் ஒயரிங்கில் ஒரு வெட்டும் இருக்காது. லைன் எடுத்த இடத்தில் டேப் சுற்றிய முடிச்சைப் பார்த்ததும் வாங்க வருகிறவர் மற்ற ஒயர்களையும் சந்தேகிப்பார்.

எந்த வழியில் போட்டிருந்தாலும் இன்றைக்கு இருட்டியதும் இதைச் செய்யுங்கள். பார்க்கிங் லைட்டையும் ஃபாக் லைட்டையும் போட்டுவிட்டு, ஃபாக் லைட்டுக்குக் கரன்ட் வரும் ஃபியூஸைப் பிடுங்குங்கள். அப்புறம் வண்டிக்குப் பின்பக்கம் நடந்துபோய் டெயில் லைட் எரிகிறதா என்று பாருங்கள்.