கரண்டு போய் வந்த பிறகு எழாத டெஸ்க்டாப்: எஸ்எம்பிஎஸ்ஸை ரிப்பேர் செய்யலாமா, மாற்றிவிடலாமா?

ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் கரண்டு போனதும் அணைந்தது. கரண்டு வந்த பிறகு பட்டனை அமுக்கினால் ஃபேன்கூட அசையவில்லை. கடைக்குக் கொண்டுபோனால் "எஸ்எம்பிஎஸ் அடிச்சிட்டு" என்பார்கள். எஸ்எம்பிஎஸ் என்பது வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு வேண்டிய குறைந்த வோல்ட் டிசியாக மாற்றிக் கொடுக்கும் பெட்டி. அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ரிப்பேர் சில நூறு ரூபாயில் முடியும். நல்ல கம்பெனியின் புதிய எஸ்எம்பிஎஸ் இரண்டாயிரத்தைத் தாண்டும். நான் மாற்றும் கட்சி. ஆனால் காசை எடுக்கும் முன் கோளாறு அங்கேதானா என்று பார்த்துவிட வேண்டும்.

ஸ்பைக் பாக்ஸின் ஃபியூஸைப் பாருங்கள், வேறு பிளக்கில் மாட்டிப் பாருங்கள். பவர் கேபிளைக் கழற்றி, பட்டனை அரை நிமிடம் அமுக்கிப் பிடித்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். சில மதர்போர்டுகள் இதிலேயே எழுந்துவிடும். ஃபேன் சுற்றியும் திரையில் படம் வராவிட்டால் ரேமைக் கழற்றி, அழிரப்பரால் அதன் காலைத் தேய்த்து மாட்டுங்கள். தேதி பழைய வருடத்துக்குப் போய், விண்டோஸ் ஏறாமல் நின்றால் போர்டிலுள்ள சிஆர் 2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். அதை மாற்றியும் ஏறாவிட்டால் பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்கில்) சாட்டா மோடும் (டிஸ்க் இணையும் முறை) பூட் வரிசையும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். இவற்றுக்கெல்லாம் எஸ்எம்பிஎஸ்ஸைத் தொட வேண்டியதில்லை.

எந்த அசைவும் இல்லையென்றால் மல்டிமீட்டரை எடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் 24 பின் கனெக்டரை போர்டிலிருந்து உருவி, கரண்டு கொடுத்து, ஊதா வயருக்கும் கறுப்புக்கும் இடையே அளந்தால் 4.75 முதல் 5.25 வோல்ட் வர வேண்டும். சுவிட்ச் போடாதபோதும் போர்டுக்குப் போய்க்கொண்டிருக்கும் ஸ்டான்ட்பை இதுதான். அது சரியாக இருந்தால் பச்சை வயரையும் கறுப்பையும் ஒரு கம்பித் துண்டால் இணையுங்கள். ஃபேன் சுற்ற வேண்டும், மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை வர வேண்டும். சுற்றிவிட்டதாலேயே எஸ்எம்பிஎஸ் நல்லது என்று முடிவுகட்ட வேண்டாம். லோடு ஏறும்போது படுத்துவிடுவதும் உண்டு. கனெக்டரைத் திரும்ப மாட்டி, பின்பக்கமாக முனையைச் செருகி, கம்ப்யூட்டர் ஓடும்போது இன்னொரு முறை அளப்பது நல்லது.

நேற்றுவரை ஓடியது இன்று ஏன் நின்றது? ஸ்டான்ட்பை சர்க்யூட் வருடக்கணக்கில் அணையாமல் சூட்டிலேயே கிடக்கிறது. அதிலுள்ள சிறிய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் உள்ளே வறண்டுபோயிருந்தாலும், சூடாக இருக்கும்வரை எப்படியோ ஓட்டிவிடும். கரண்டு முழுதாகப் போய் ஆறிவிட்டால் மறுபடி கிளப்ப அதற்குத் தெம்பு இருக்காது. கரண்டு போனது அந்தக் கோளாறை வெளியே காட்டியது, அவ்வளவுதான். கரண்டு திரும்பும்போது அடிப்பது வேறு வகை. தென்னை மட்டை விழுந்து நியூட்ரல் அறுந்தால் ஒரு ஃபேஸ் வீட்டில் 300 வோல்ட்டுக்கு மேலும் ஏறும். அப்போது ஹை வோல்டேஜைத் தடுக்க வைத்திருக்கும் வேரிஸ்டர் வெடிக்கும், ஃபியூஸ் போகும், சுவிட்சிங் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகும்.

ரிப்பேருக்கு உள்ள பலமான வாதம் முதல் வகைதான். பத்து, இருபது ரூபாய்க் கெபாசிட்டரை மாற்றினால் உயிர் வந்துவிடும். என் தயக்கமும் அங்கேயே தொடங்குகிறது. ஒன்று வறண்டதென்றால் 12, 5 வோல்ட் பக்கம் இருக்கும் பெரியவையும் அதே வயது, அதே சூடு. பத்து டிகிரி கூடினால் கெபாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. இன்று ஒன்றை மாற்றினால் அடுத்த நீண்ட மின்தடையில் மற்றொன்று. இரண்டு பருவமழையும் பெய்யும், சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி விழும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அந்த அடுத்த தடை வெகுதூரத்தில் இல்லை. குளச்சல், முட்டம், கன்னியாகுமரி போன்ற கரையோர ஊர்களில் ஃபேன் உப்புக் காற்றையும் சேர்த்து உள்ளே இழுப்பதால் சால்டரும் டிராக்கும் (செம்புக் கோடுகள்) பச்சை பூத்திருக்கும். அதன் மேல் வைக்கும் புது சால்டர் சுத்தமாகப் பிடிக்காது.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. பழைய மலிவு எஸ்எம்பிஎஸ் சிலவற்றில் ஸ்டான்ட்பை கெபாசிட்டர் கெட்டால் வோல்டேஜ் இறங்காது, ஏறும். ஊதா வயரில் 5.25க்கு மேல் காட்டினால் போர்டில் மாட்டவே கூடாது. எஸ்எம்பிஎஸ் போனால் எஸ்எம்பிஎஸ்ஸோடு போகும்; போர்டையும் டிஸ்க்கையும் இழுத்துக்கொண்டு போனால் ரிப்பேரில் மிச்சம் பிடித்தது எந்த மூலைக்கு?

மாற்றுவதென்றால் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண டெஸ்க்டாப்புக்கு 80 பிளஸ் பிரான்ஸ் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான தர முத்திரை) 450 வாட் தாராளம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் "450 வாட்" டப்பாவை வாங்குவதைவிட ரிப்பேரே மேல். பில்லைப் பத்திரமாக வையுங்கள். இடி, ஹை வோல்டேஜில் எரிந்ததை வாரன்டி ஏற்குமா என்று அட்டையைப் படித்துப் பார்த்தே வாங்குங்கள். இன்வெர்ட்டரையும் கவனிக்க வேண்டும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டு இழுக்கும் விதத்தைச் சீராக்கும் சர்க்யூட்) உள்ள புது எஸ்எம்பிஎஸ் இரைச்சல் போடலாம், அணையவும் செய்யலாம். எல்லா ஜோடியிலும் இப்படி ஆவதில்லை, ஆகவே மாட்டிப் பார்த்துத்தான் தீர்மானிக்க முடியும். சைன் வேவ் என்றால் கவலை இல்லை. இன்வெர்ட்டரின் பின்பக்க சுவிட்சை யுபிஎஸ் மோடில் வையுங்கள். நார்மல் மோடில் கரண்டிலிருந்து பேட்டரிக்கு மாறும் நேரம் அதிகம். எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிப்பதோ 16, 17 மில்லி செகண்டு.

டெல், எச்பி, லெனோவோவின் ஒல்லியான மாடல்களில் மட்டும் நான் ரிப்பேர் பக்கம் சாய்வேன். அவற்றின் கனெக்டரும் அளவும் தனி. கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் உள்ளே உட்காராது. அப்படிக் கொடுக்கும்போது 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் (உள்தடை குறைந்த) கெபாசிட்டர் போடச் சொல்லுங்கள். ஸ்டான்ட்பை பக்கமும் அவுட்புட் பக்கமும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். ஃபியூஸ் மட்டும் மாற்றித் தருகிறேன் என்றால் வேண்டாம்; டிரான்சிஸ்டர் ஷார்ட் இருந்தால் அடுத்த நொடி அதுவும் போகும். 60 வாட் குண்டு பல்பை சீரியஸில் போட்டு ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள்: மின்னி மங்கினால் சரி, பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட். வீட்டில் இந்தச் சோதனை வேண்டாம். பெரிய கெபாசிட்டர்களில் 325 வோல்ட் டிசி, பிளக்கை உருவிய பிறகும் தங்கியிருக்கும்.