வரைவதா, குறிப்பதா, பதிவு செய்வதா? மதுரைத் தெருக்களில் நான்கு வழிகள்

விளக்குத்தூண் அருகே ஒரு சனிக்கிழமை மாலை உட்கார்ந்து வரைந்த படம் என் மேசைமேல் கிடக்கிறது. தூண் நேராக நிற்கிறது (இதற்கே மூன்று தாள்கள் பாழாயின). பின்னால் கடைப் பலகைகள், ஜிகர்தண்டாவுக்கு நிற்கும் கூட்டம், ஒரு தள்ளுவண்டி. என் மனைவி அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “இவ்வளவு அமைதியாகவா இருந்தது அங்கே?” என்று கேட்டார். அமைதியா! ஒன்றரை மணி நேரமும் ஷேர் ஆட்டோ ஹாரன் காதைத் துளைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாரோ பழக்கூடையைக் கவிழ்த்து, அழுகிய கொய்யாவின் மணம் வேறு. படம் பொய் சொல்லவில்லைதான். ஆனால் என் கண் மட்டும் விளக்குத்தூணுக்குப் போய்வந்ததுபோல் இருந்தது.

அந்தக் கேள்வி உறுத்தியதால் தை முதல் வைகாசி வரை நான்கு வழிகளை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன்: இடத்திலேயே உட்கார்ந்து வரைவது, கைப்பேசியில் ஒலி பிடிப்பது, வாசனை வரைபடம் போடுவது, நேரத்தை ஓடவிட்டுக் குறிகளால் எழுதுவது. பெரும்பாலும் அதே மூன்று இடங்கள்: கீழமாசி வீதி, மாட்டுத்தாவணிப் பூச்சந்தை, மீனாட்சி கோயில் ஆடி வீதி.

படம்: உட்கார வைக்கும் வழி

இடத்திலேயே வரைவது இன்று உலகம் முழுக்கப் பரவிய பழக்கம். அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பத்திரிகை ஓவியர் கேப்ரியல் கம்பனாரியோ 2007இல் தொடங்கிய ‘அர்பன் ஸ்கெச்சர்ஸ்’ வட்டத்துக்கு முதல் விதியே, புகைப்படத்தைப் பார்த்து வரையக் கூடாது, நேரில் போக வேண்டும் என்பதுதான். விதியின் அருமை உட்கார்ந்தால்தான் தெரியும். இருபது நிமிடம் ஒரே இடத்தில் குந்தியிருப்பவனைத் தெரு மறந்துவிடுகிறது. அதன் பிறகுதான் அது தன் வேலையைப் பார்க்கிறது.

படத்துக்கும் இயந்திரப் பதிவுக்கும் உள்ள வழக்கு மதுரைக்குப் புதிதல்ல. 1792இல் இங்கே வந்த ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் நாயக்கர் மகாலை வரைந்து போனார்கள். 66 ஆண்டுகள் கழித்து, 1858இல், லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி பெரிய கேமராவோடு வந்து மகாலையும் புதுமண்டபத்தையும் படமெடுத்தார். டிரைப்பின் படங்களில் தூண்களின் ஒவ்வொரு மடிப்பும் தெரியும். ஆள் நடமாட்டம் மட்டும் ஏறக்குறைய இல்லை. அக்காலத்து கேமரா நெடுநேரம் திறந்திருக்க வேண்டும். நடப்பவர் படத்தில் தங்க மாட்டார். டேனியல்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. வேண்டிய இடத்தில் வேண்டிய ஆளை நிறுத்திக்கொண்டார்கள். ஒன்றில் ஊர் காலி. மற்றொன்றில் ஊர் ஓவியர் அடுக்கியபடி. என் விளக்குத்தூண் படம் இரண்டாவது வகைக் குற்றவாளி.

ஆனாலும் ஆடி வீதியில் படம் என்னை வியக்க வைத்தது. சித்திரை வெயில், பகல் பன்னிரண்டரை. நிழலில் உட்கார்ந்து நடப்பவர்களை வரைந்தேன். யாரும் நேராக நடக்கவில்லை. நிழல் விழுந்த பட்டையிலும் விரிப்பிலும் ஒட்டிக்கொண்டு போனார்கள். விரிப்பு முடிந்த இடத்தில் எல்லோருடைய உடலும் முன்னால் சாய்ந்து, கால் பெருவிரலில் ஓடியது. ஒரு பாட்டியைப் பேரன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான். வீட்டில் படத்தைப் பார்த்த மனைவி கேட்காமலே சொன்னார்: “கல் சுட்டிருக்கிறது.” வெப்பமானி காட்டும் எண்ணைவிட அந்தச் சாய்வு துல்லியம் என்பேன்.

ஆக, தோல் உணர்வதைப் படம் பிடித்துவிடுகிறது, அங்கே மனித உடல்கள் இருந்தால். காதுக்கும் மூக்குக்கும் அது உதவாது.

கைப்பேசி: சீக்கிரம் முடித்துவிடலாம்

என்னிடம் 41 ஒலிக் கோப்புகள் உள்ளன. முழுதாகக் கேட்டவை மூன்று. பொத்தானை அழுத்தியதும் காது விடுமுறை எடுத்துக்கொள்கிறது. கருவி கேட்கிறதே, நாம் எதற்கு? தவிர, நம் காது ஹாரனுக்கு நடுவே பூக்காரம்மாவின் குரலைத் தேடி எடுக்கும். மைக்குக்கு இரண்டும் ஒன்றே. 2018 முதல் மீனாட்சி கோயிலுக்குள் கைப்பேசிக்கு அனுமதியும் இல்லை, ஆகவே பொற்றாமரைக் குளக்கரைக்கு இந்த வழி கிடையவே கிடையாது. ஒரே ஒரு முறை கைகொடுத்தது. அது பின்னால் வருகிறது.

வாசனை வரைபடம்: மூக்கோடு ஒரு பந்தயம்

பிரிட்டனின் வடிவமைப்பாளர் கேட் மெக்லீன் எடின்பரோ, ஆம்ஸ்டர்டாம் போன்ற நகரங்களில் பலரோடு நடந்து, முகர்ந்ததை எழுதி, வரைபடமாக்கியிருக்கிறார். காற்று எந்தப் பக்கம் வாசனையைத் தூக்கிச் செல்கிறது என்பதை அலையலையாய் வளையங்களில் காட்டுவது அவர் பாணி. பார்க்க அழகு. செய்யும்போதுதான் தெரிகிறது, மூக்கைப் போல் வேலையை விட்டு ஓடும் புலன் வேறில்லை. மாறாத வாசனைக்குச் சில நிமிடங்களில் அது பழகிவிடும். கீழமாசி வீதியில் பலசரக்குக் கடை வாசலில் வற்றல் மிளகாய் மூட்டையைப் பிரித்தபோது தும்மல் வந்தது. பேனாவை எடுத்து, தேதி போட்டு, எழுதத் தொடங்குவதற்குள் காரம் போய்ச் சணல் மட்டும் நின்றது. கடைக்காரருக்கோ அதுவும் இல்லை. “இங்கே என்ன வாசனை, ஒன்றுமில்லையே” என்றார், சீரகத்துக்கும் மல்லி விதைக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு.

இங்கே ஒரு பாடம் கற்றேன். முதல் மூச்சிலேயே எழுத வேண்டும், ஒரு சொல்லில். அழகாக எழுதக் கூடாது. இரண்டாம் மூச்சு கலப்படம்.

பூச்சந்தையில் இன்னொன்று நடந்தது. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. விடியற்காலைச் சந்தையில் மல்லி மணம் ஆளைத் தூக்கும் என்று நம்பிப் போனேன். என் தாளில் விழுந்த சொற்கள்: ஈரச் சாக்கு, மரிக்கொழுந்து, செவ்வந்தித் தண்டு, டீசல், தேநீர். மல்லி அடைப்புக்குறிக்குள், கேள்விக்குறியோடு. காரணம் எளிது: பறித்து வருவது மொட்டு. அது மாலையில்தான் இதழ் விரித்து மணம் விடும். அதே நாள் மாலை ஏழு மணிக்குச் சித்திரை வீதியில் சரம் விற்பவர் பக்கத்தில் நின்றபோது தாளில் வேறொன்றும் எழுத இடமில்லை. எந்த நேரத்து முகர்ச்சி என்று எழுதாத வாசனை வரைபடம் பாதிப் பொய். இடத்தை மட்டும் காட்டும் தாளில் இந்தக் குறை தீராது. நேரம் ஓட ஒரு திசை வேண்டும்.

பேரேடு: என் கட்சி

கீழமாசி வீதியின் மளிகைக் கடைகளில் இன்னும் சில கல்லாப் பெட்டிகளுக்கு அருகே நீளமான கணக்குப் பேரேடு கிடக்கிறது. ஒன்று வாங்கினேன். பக்கத்தின் இடது ஓரத்தில் மணி, மேலிருந்து கீழே. பிறகு காது, மூக்கு, தோல், கால் என்று பத்திகள். கண்ணுக்கும் ஒரு பத்தி கொடுத்தேன், குறுகலாக. அது ஏற்கெனவே தன் பங்கை வாங்கிவிட்டது. கணக்குப்பிள்ளைகள் வரவுசெலவு முடித்து எடுக்கும் அறிக்கைக்கு ஐந்தொகை என்று பெயர். ஐந்து பத்திகளில் புலன்களுக்குக் கணக்கு வைக்கும் ஏட்டுக்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்குமா?

குறிகள் எளியவை. விடாமல் இருப்பதற்கு நேர்கோடு. ஒரு முறை வந்து போவதற்குப் புள்ளி. நெருங்கி விலகுவதற்கு வளைகோடு. சத்தம் கூடினால் கோடு தடிக்கும். மேலைநாட்டில் இப்படிப் பலர் முயன்றிருக்கிறார்கள். நிலத்தோற்றக் கலைஞர் லாரன்ஸ் ஹால்ப்ரின் 1960களில், நடப்பவர் நகர நகர மாறும் காட்சியை எழுத ‘மோட்டேஷன்’ என்ற குறிமுறையை உருவாக்கினார். நகர வடிவமைப்பு ஆய்வாளர் மைக்கேல் சவுத்வொர்த் 1969இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணைக் கட்டிய சிலரையும் காதை அடைத்த சிலரையும் பாஸ்டன் நகரத்துக்குள் அழைத்துச் சென்று, அதே தெரு இரு சாராருக்கும் வேறு தெருவாக இருப்பதைக் காட்டினார். கனடாவின் இசையமைப்பாளர் முர்ரே ஷேஃபர் ஓர் இடத்தின் ஒலிகளை மூன்றாகப் பிரித்தார்: பின்னணியில் விடாது நிற்பது, கவனத்தை இழுப்பது, அந்த ஊருக்கே உரியது. முதலாவதை நாம் சுருதி என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

மூன்றாவது வகைக்கு நம்மிடம் பழைய சான்று ஒன்று உண்டு. சேர, சோழத் தலைநகரங்களான வஞ்சியும் உறையூரும் கோழி கூவித் துயில் எழும், மதுரையோ வேதம் ஓதும் குரலில் எழும் என்று பரிபாடல் பெருமையடிக்கிறது. மதுரைக்காஞ்சியின் 782 அடிகளில் மாங்குடி மருதனார் ஊரைக் காட்டும் முறையும் கவனிக்கத்தக்கது. நாளங்காடி என்ற பகல் சந்தை, அல்லங்காடி என்ற மாலைச் சந்தை, பிறகு இரவு யாமம் யாமமாக, கடைசியில் விடியல். ஒரே சட்டகத்துக்குள் ஊரை அடைக்காமல் பொழுதை ஓடவிடுகிறார். என் பேரேட்டுக்கு இதைவிட வலிய வக்கீல் எனக்குத் தெரியவில்லை. (என் பக்கத்தில் விடியற்காலை 4.50க்கு விழுந்த முதல் புள்ளி வேதமும் அல்ல, கோழியும் அல்ல. டிவிஎஸ் ஐம்பதில் பால் கேன்கள் மோதிய சத்தம்.)

கீழமாசி வீதியின் காலை ஒரு பக்கத்தில் இப்படி நிற்கிறது: 9.05க்கு முதல் ஷட்டர், புள்ளி. 9.20க்குள் புள்ளிகள் நெருங்கி ஒரு கொத்து. 9.40க்குச் சுமைதூக்குபவர்களின் “ஓரம், ஓரம்” வளைகோடாக வந்து விலகுகிறது. அதே வரிசையில் தோல் பத்தியில் ‘மூட்டை உரசல்’, மூக்குப் பத்தியில் ‘மிளகாய்’. மூன்றும் ஒரே ஆள்! இதைப் படமும் சொல்லவில்லை, ஒலிக் கோப்பும் சொல்லவில்லை. ஒலியும் மணமும் உரசலும் ஒரே தலைச்சுமையாக நகர்வதைக் காட்டியது குறுக்குவாட்டில் படிக்கும் இந்த ஏடுதான்.

கொத்துப் பரோட்டாவில் மட்டும் தோற்றேன். தகடுகள் கல்லில் அடிப்பதை மிருதங்கச் சொற்களில் ‘தகதிமி, தகதிமி’ என்று நான்கு நான்காக எழுதி வைத்தேன். வீட்டில் கைப்பேசிப் பதிவைப் போட்டால், நடுநடுவே ‘தகிட’ மூன்று வருகிறது. மறுநாள் மாஸ்டரிடம் கேட்டேன். முட்டை உடைத்து ஊற்றியதும் கை மாறும், தம்பி, என்றார். என் காது தாளத்தைத் திருத்திக் கேட்டிருக்கிறது. ஏட்டுக்கும் அதன் பொய்கள் உண்டு.

வேறு குறைகளும் உண்டு. என் குறிகளை என்னைத் தவிர யாரும் படிக்க முடியாது. மனைவிக்கு ஒரு பக்கத்தை விளக்க அரை மணி நேரம் ஆனது. அதைவிடப் பெரிய தொல்லை, படம் வரைபவனைச் சுற்றிச் சிறுவர்கள் கூடி “அண்ணே, என்னையும் போடுங்கள்” என்பார்கள். பேரேடும் பேனாவுமாகக் கடை வாசலில் நின்று மணியைப் பார்த்து மணியைப் பார்த்து எழுதுபவனைப் பார்த்தால் கடைக்காரருக்கு வரி நினைவுதான் வரும். ஒருவர், சாலையை அகலப்படுத்த அளவெடுக்க வந்தவனோ என்று கேட்டே விட்டார். அதன் பிறகு முதல் தேநீரை அந்தந்தக் கடைப் பக்கத்திலேயே குடித்து, ஏட்டைத் திறந்து காட்டிவிட்டுத்தான் எழுதத் தொடங்குகிறேன்.

எனவே, வண்டியூர்த் தெப்பக்குளம்போல் மெதுவாக மாறும் இடத்துக்குப் படமே போதும். பூச்சந்தைக்குக் காலையும் மாலையுமாக இரண்டு வாசனைத் தாள்கள். சந்தை, பஸ் நிலையம், பரோட்டாக் கடை எதுவானாலும் பேரேடு. சந்தேகம் வந்தால் மட்டும் பையில் கைப்பேசி. ஒன்றைத்தான் எடுத்துப் போகலாம் என்றால் நான் பேரேட்டையே எடுப்பேன், ஓரத்தில் சின்னப் படம் போட இடம் விட்டு. இப்போது கால் பத்தியை அகலமாக்கிக் கோடு போட்டிருக்கிறேன். ஆடி வீதிப் பக்கத்தில் 12.35க்கு எதிரே அதில் ‘ஓட்டம்’ என்று எழுதி, பக்கத்தில் அந்தப் பாட்டியையும் பேரனையும் கட்டைவிரல் அளவுக்கு வரைந்தாயிற்று.