எந்தக் குண்டு ஹிட்லரைக் கொன்றிருக்க வேண்டும்: 1939-ஆ, 1944-ஆ?

1944-இல் ஹிட்லரைக் குண்டு வைத்துக் கொல்ல முயன்ற ஜெர்மன் ராணுவ அதிகாரி ஸ்டாஃபென்பெர்க்கைப் பலருக்கும் தெரியும். கேயார்க் எல்சரைத் தெரிந்தவர்கள் குறைவு. இந்தத் தச்சர் முப்பதுக்கும் மேற்பட்ட இரவுகள் மியூனிக் பீர் மண்டபத்தில் ஒளிந்திருந்து, ஹிட்லர் பேசவிருந்த மேடைக்குப் பின்னால் இருந்த தூணைக் குண்டு வைப்பதற்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்தார். மண்டியிட்டே வேலை செய்ததில் முழங்கால்கள் புண்ணாகிச் சீழ் வைத்தன. 1939 நவம்பர் 8, இரவு 9.20-க்குக் குண்டு வெடித்தது. மூடுபனியால் விமானத்தில் போக முடியாமல் ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்த ஹிட்லர் 13 நிமிடம் முன்பே கிளம்பிவிட்டார்.

அன்று செத்திருந்தால்? எஸ்.எஸ். படைத் தலைவர் ஹிம்லரும் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸும் அதே கூட்டத்தில் இருந்தார்கள். ஹிட்லரின் வாரிசாக அறிவிக்கப்பட்ட விமானப்படைத் தலைவர் கோரிங் அங்கே இல்லை. அவரும் கொடியவர்தான், ஆனால் பிரிட்டனுடன் போரை விரும்பாதவர். பிரான்ஸ் இன்னும் விழவில்லை, ஆஷ்விட்ஸ் கொலை முகாமே இல்லை. சமாதானம் வந்திருக்கலாம், ஆனால் போலந்து நாஜிகளின் பிடியிலேயே கிடந்திருக்கும்.

1944 ஜூலை 20 வேறு கதை. ஒரு கையும் ஒரு கண்ணும் இழந்த ஸ்டாஃபென்பெர்க், இரண்டு வெடிபொருள் கட்டிகளில் ஒன்றைத்தான் தயார்செய்ய முடிந்தது. கனத்த மேசைக்கால் ஹிட்லரைக் காப்பாற்றியது. ஸ்டாஃபென்பெர்க் வென்றிருந்தாலும் நேச நாடுகள் நிபந்தனையற்ற சரணடைதலுக்குக் குறைந்து எதையும் ஏற்றிருக்காது. ஹங்கேரி யூதர்கள் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதற்குள் நாடு கடத்தப்பட்டுவிட்டார்கள். சரி, அப்படியும் மிச்சமிருந்த உயிர்கள் எத்தனை! ஒளிந்திருந்து நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் பிடிபட்டது ஆகஸ்ட் 4-இல்தான்.

எனக்கு எல்சரின் 13 நிமிடம்தான் அதிகம் வலிக்கிறது. 1945 ஏப்ரலில், போர் முடிய ஒரு மாதம் இருக்கையில், டாஹவ் முகாமில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.